பெரிய கோப்புகளும் அரிய கோப்புகளும்

கணினியில் இடம் போதவில்லை என்றால் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: பழசையெல்லாம் வெளி டிஸ்க் ஒன்றில் போட்டுவிட்டு இங்கே அழித்துவிடு. கேட்கும்போது ஒரு வேலை மாதிரித்தான் இருக்கிறது. உண்மையில் அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. இடத்தைக் காலியாக்குவது ஒன்று, பழையதைக் காப்பாற்றுவது மற்றது. முதலாவதற்குப் பெரிய கோப்புகளைத் தேட வேண்டும், இரண்டாவதற்கு அரிய கோப்புகளை. பெரியதே அரியதாகவும் இருப்பது அபூர்வம்.

அண்ணாவின் கடைக் கணினியைத் துப்புரவாக்கப் போனபோதுதான் இது எனக்கு விளங்கியது. திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் அவர் தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிய சின்னக் கடை. ரைப்செட்டிங், போட்டோக்கொப்பி, லமினேட்டிங், பாஸ்போட் சைஸ் படம். பிறகு கொஞ்சக் காலம் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று கசெட்டில் எடுத்ததை டிவிடியாக்கிக் கொடுக்கும் வேலையும் இருந்தது. கணினி மாறும்போதெல்லாம் பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே புதியதில் ஒரு போல்டராகப் போட்டுவிடுவது அவர் வழக்கம். ‘பழைய கொம்பியூட்டர்’ என்ற போல்டரைத் திறந்தால் அதற்குள் இன்னொரு ‘பழைய கொம்பியூட்டர்’, அதற்குள் ‘சி டிரைவ் பழசு’. இப்படியே போய், ஒரு டெராபைட் டிஸ்க்கில் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது.

(அந்த ஒரு டெராபைட் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் தெரியும். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். இதற்காக அண்ணாவோடு சண்டை பிடித்த வாடிக்கையாளர்கள் உண்டு.)

எதையும் அழிப்பதற்கு முன்னால் எது இடத்தைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். விண்டிர்ஸ்டாட் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கு ஏற்ற நிறப் பெட்டியாகக் காட்டும். விண்டோஸ் புதுப்பித்தபோது மிஞ்சிய பழைய விண்டோஸ் போல்டர், ஹைபர்னேட் கோப்பு, யாரும் திரும்பிப் பார்க்காத டவுன்லோட்ஸ், வட்சப்பில் வந்து குவிந்த காலை வணக்கப் பூக்கள் எல்லாம் அதில் தெரிந்தன. இவற்றைக் கழிப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. டிஸ்க் கிளீனப்பை ஓடவிட்டால் விண்டோஸின் மிச்சங்கள் போய்விடும், பூக்களைக் கையால் அழிக்கலாம். ஆனால் அதெல்லாம் ஓரத்துச் சின்னப் பெட்டிகள். நடுவில் சுவர் சுவராக நின்றது வீடியோ.

மினி டிவி என்ற சின்னக் கமராக் கசெட்டிலிருந்து (இந்த டிவி தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ) நேராக இறக்கும் காட்சி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். கலியாணம் ஒன்றுக்கு மூன்று நான்கு கசெட் ஓடும். அதை வெட்டி ஒட்டிய படம் தனியாக, டிவிடிக்காகச் செய்த 4.7 ஜிபிக்குள் அடங்கும் தொகுதி தனியாக. பெண் வீட்டார் மாமாவைக் காணவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்த பிறகு ‘திருத்தியது’, அப்புறம் ‘கடைசி’, ‘கடைசி 2’. ஒரே தாலி கட்டு ஆறு இடத்தில் கிடந்தது.

இதில் எதை வைப்பது, எதை விடுவது? வெட்டி ஒட்டிய படத்தை வைத்துக்கொண்டு மூலக் காட்சியை அழித்துவிடலாம் என்பதுதான் எல்லோரும் சொல்வது, அண்ணாவும் அதையே சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டி ஒட்டிய படம் வீட்டாரிடம் டிவிடியாக இருக்கிறது. அதில் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டு ஓடுகிறது, ஒரு மனிதக் குரல் கிடையாது. மணமக்கள் முகத்தைச் சுற்றி இதயம் பறக்கிறது, ரோசா விரிகிறது. மூலக் காட்சியில்தான் ஆட்கள் பேசுகிறார்கள். அப்பம்மா சமையல்காரரோடு சண்டை பிடிக்கிறார். கனடாவுக்குப் போய் அங்கேயே செத்துப்போன சித்தப்பா கமராவைப் பார்த்து, “இங்கால எடுக்காத தம்பி, நான் இன்னும் ஷேவ் எடுக்கேல்ல” என்கிறார். பாட்டைக் கழற்றி அந்தக் குரலைத் திரும்ப எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது, ஏனென்றால் அந்தக் குரல் அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

மூலத்தை அப்படியே வைத்திருக்க இடம் கிடையாது என்பது நியாயமான பேச்சு. அதற்கு வழி இருக்கிறது. கசெட்டிலிருந்து வந்த காட்சியில் படம் மட்டும் ஒரு விநாடிக்கு 25 மெகாபிட் பிடிக்கிறது. அதே காட்சியை எச்.264 என்ற சுருக்கும் முறையில் 5 மெகாபிட்டில் வைத்தால் வீட்டு டிவியில் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 13 ஜிபி மூன்றுக்குள் வந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இரவிரவாக இந்த வேலையைச் செய்யும். எச்.265 இன்னும் சின்னதாக்கும், ஆனால் பழைய டிவிகளும் பிளேயர்களும் அதைத் திறக்கமாட்டா. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இப்படிச் சுருக்குவதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் படம் போகும். அதனால் மூலத்திலிருந்து ஒரு தடவை மட்டும் செய்ய வேண்டும். டிவிடியாக ஏற்கெனவே சுருக்கியதை எடுத்து மறுபடி சுருக்கக்கூடாது.

‘எல்லாத்தையும் சிப் பண்ணி வை’ என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஜேபெக் படம், எம்பி3 பாட்டு, எம்பி4 வீடியோ எல்லாம் பிறக்கும்போதே சுருக்கப்பட்டவை. அவற்றைச் சிப் செய்வது பால் பிழிந்த தேங்காய்ப்பூவை மறுபடி பிழிகிற வேலை. நூறு ஜிபி போட்டோவைச் சிப் செய்தால் நூறு ஜிபிக்குச் சற்றே குறைந்த ஒரு பொட்டலம் கிடைக்கும், அதைத் திறந்து பார்க்க முடியாத தொல்லையும் சேர்ந்து வரும். அந்தப் பொட்டலத்தைப் பழைய பென்டிரைவில் போடப் போனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்கமாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்த டிரைவ்களின் எல்லை அதுதான், எக்ஸ்ஃபாட்டாக மாற்றினால் பிரச்சினை தீரும். சுருங்கக்கூடியவை வேறு. ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கான் செய்து சுருக்காமல் சேமித்தால் 26 எம்பி வரும். அண்ணாவின் ஸ்கானர் அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் பிட்மப்பாகத்தான் தந்தது. அவற்றைப் பிஎன்ஜியாக மாற்றினால் ஒரு புள்ளியும் கெடாமல் அளவு நன்றாகக் குறைகிறது.

இவ்வளவும் பெரிய கோப்புகளின் கதை. அரியது இருந்தது வேறொரு மூலையில், விண்டிர்ஸ்டாட் படத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியாக. கடையில் அடித்த கல்வெட்டுகள்.

ஈழத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக: ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியையில் உறவினருக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம் இது. முன் அட்டையில் படம், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, சிவபுராணம், தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல். அச்சடித்து ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும், அதன் பிறகு கறையானின் சொத்து. ஆனால் ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் யாரைக் கட்டினார்கள், யார் எந்த நாட்டில் என்பதெல்லாம் எழுத்தில் இருப்பது பல வீடுகளில் அந்தப் புத்தகத்தில் மட்டும்தான். தம்பலகாமம், சாம்பல்தீவு, நிலாவெளி, கட்டைபறிச்சான் என்று எத்தனையோ ஊர்க் குடும்பங்களின் வம்சாவளி அந்த போல்டரில் கிடந்தது. 2006 இல் ஊரை விட்டு எழும்பிய சம்பூர்க் குடும்பங்கள் தங்கள் பழைய வீட்டு அலமாரியில் எதைத்தான் திரும்பக் கண்டிருப்பார்கள்?

மாதத்தில் ஒருவராவது கடைக்கு வந்து கேட்பார். போன வருடக் கடைசியில் ஒரு பெண் வந்தார்.

“அண்ணா, எங்கட அப்பாட கல்வெட்டு உங்களிட்டத்தானே அடிச்சது. அந்தப் படம் இருக்கோ? வீட்டில இருந்ததைக் கறையான் திண்டிட்டுது.”

“எப்ப செத்தவர் தங்கச்சி?”

“சுனாமிக்கு முந்தின வருசம்.”

“பொறுங்க, பார்ப்பம்.”

படம் கிடைத்தது. ஆனால் அது கிடைத்தது அண்ணாவின் ஞாபகத்தால், கணினியின் தேடலால் அல்ல. தேடல் பெட்டியில் அந்தப் பெரியவரின் பெயரைத் தமிழில் அடித்தால் ஒன்றும் வராது. காரணம் பாமினி.

அந்தக் காலத்தில் இலங்கையில் தமிழ் ரைப்செட்டிங் என்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துருதான். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுவிடுகிற முறை. திரையில் ‘அம்மா’ என்று தெரியும், கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுப் புத்தகமும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பாமினியில் அடித்ததை யுனிகோடாக, அதாவது எந்தக் கணினியும் தமிழென்றே அறியும் எழுத்தாக, மாற்றித்தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நடுவில் ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் அவை தமிழாக நினைத்து மாற்றிவிடும். லண்டன் என்று ஆங்கிலத்தில் இருந்தது வாயில் நுழையாத ஒரு தமிழ்ச் சொல்லாகிவிடும். ஆள் இருந்து ஒருமுறை வாசித்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது பேஜ்மேக்கர், கல்வெட்டுகளின் பக்கங்களை வடிவமைத்த மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001 இல். அந்தக் கோப்புகளைத் திறக்க அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் மென்பொருளின் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான் முடியும், அதற்குப் பிறகு வந்த பதிப்புகள் கையை விரித்துவிடும். இன்னொரு வம்பு, பெரிய படங்களைப் பேஜ்மேக்கர் தனக்குள் வைக்காமல் அவை எங்கே இருக்கின்றன என்ற விலாசத்தை மட்டும் வைத்திருக்கலாம். கோப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் அப்பாவின் படம் இருந்த இடத்தில் மங்கலான ஒரு நிழல்தான் இருக்கும். ஆக, வெளி டிஸ்க்கில் பத்திரமாகக் கிடந்தாலும் திறக்க முடியாத கோப்பு அழிந்த கோப்புதான். இடம் பிடிப்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அதனால் ஒவ்வொரு கல்வெட்டையும் மூன்று உருவத்தில் வைக்கத் தொடங்கினேன். படங்களும் எழுத்துருவும் சேர்ந்த மூலப் போல்டர் அப்படியே ஒன்று. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஒன்று. யுனிகோடில் வெறும் எழுத்தாக ஒன்று. பிடிஎஃப் இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்று அண்ணா கேட்டார். பிடிஎஃப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதற்குள்ளும் அதே எம், கே, அரைப்புள்ளிதான். கண்ணால் வாசிக்கலாம், பெயரைத் தேட முடியாது. இவற்றோடு ஒரு எக்செல் தாளும் செய்தேன்: இறந்தவர் பெயர், ஊர், வருடம், எந்த போல்டர். காசு கொடுத்து வாங்குகிற ஆவண மென்பொருள்களையெல்லாம்விட அந்த ஒரு தாள் கடைக்கு அதிகம் உதவுகிறது.

மூன்று உருவமும் சேர்த்து அத்தனை கல்வெட்டும் ஒரே ஒரு கலியாணக் கசெட்டின் இடத்துக்குள் அடங்கிவிட்டன. இடத்தைக் காலியாக்குவதற்காக இவற்றில் கை வைக்க எந்தத் தேவையும் இருக்கவில்லை.

சுருக்குவது பற்றி இங்கே சுவாரசியமான ஒரு விசயம். எல்லாக் கல்வெட்டிலும் சிவபுராணம் உண்டு, கோணமாமலைத் தேவாரம் உண்டு, அண்ணா ஒரு தடவை அடித்ததைத்தான் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கிறார். சிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குகிறது, அதற்குள்ளும் 32 கேபி தூரத்துக்கு மேல் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்துக் கோப்பில் ஒரே தேவாரம் இருப்பது அதற்குத் தெரியாது. செவன்சிப் என்ற மென்பொருள் ‘சொலிட்’ முறையில் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக வைத்துப் பார்க்கும், திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கும். அளவு பிரமாதமாக இறங்குகிறது. ஆனாலும் கல்வெட்டுகளுக்கு நான் அதைப் பயன்படுத்தவில்லை. சொலிட் பொட்டலத்தில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பின்னால் வருகிற கோப்புகளும் போய்விடலாம். ஏற்கெனவே சின்னதாக இருப்பதை மேலும் சின்னதாக்க அந்த ஆபத்து எதற்கு? கடைக் கணக்கு, பழைய துண்டுப்பிரசுரம், பரீட்சை வினாத்தாள் போன்றவற்றை மட்டும் அப்படிக் கட்டி வைத்தேன்.

அடுத்து, வைத்திருக்கவே கூடாதவை. வருடக்கணக்கில் ஸ்கான் செய்த அடையாள அட்டை, பாஸ்போட், பொலிஸ் முறைப்பாடு, வங்கிப் புத்தகம். ஊரில் பாதிப் பேரின் விபரம் ஒரு கடை டிஸ்க்கில். அண்ணாவுக்கு இவற்றை அழிக்க மனம் வரவில்லை, அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கடற்கரைப் பக்கத்துச் சனம் பிறப்புச் சான்றிதழ் முதல் எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ‘முந்தி உங்களிட்ட கொப்பி எடுத்தனாங்கள், இருக்கோ’ என்று வந்ததை அவர் பார்த்திருக்கிறார். அது அன்றைய நியாயம். இன்று சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவரின் அடையாள அட்டையைக் காரணமில்லாமல் வைத்திருப்பது மரியாதையும் இல்லை, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கும் ஒத்துவராது. அதைப் பற்றி இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது, கடைசியில் அழித்தோம். ரீசைக்கிள் பின்னைக் காலியாக்கினால் மட்டும் போதாது, மீட்கும் மென்பொருள் ஒன்று போதும் எல்லாம் திரும்பி வர. சுழலும் டிஸ்க்காக இருந்தால் காலி இடத்தின் மேல் மறுபடி எழுதும் ‘சைஃபர்’ கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது.

எதில் பத்திரப்படுத்துவது? அண்ணாவின் முதல் தெரிவு சீடி, டிவிடி. எங்கள் ஊரின் உப்புக் காற்றிலும் மாரிக்கால ஈரத்திலும் அவற்றை நம்ப முடியாது. எழுதக்கூடிய சீடியில் இருப்பது ஒரு சாயம், அது காலப்போக்கில் மங்கும். பூஞ்சணமும் சீடியை விடாது. மத்திய அமெரிக்காவின் பெலிசில் சீடியைத் தின்ற ஒரு பூஞ்சையை ஸ்பானிய ஆய்வாளர்கள் 2001 இல் விபரித்தார்கள். எஸ்எஸ்டி வேகமானது, ஆனால் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. மின்னணுப் பாகங்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல் ஒரு சாதாரண எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பது, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் 30 பாகை வெப்பத்தில் ஒரு வருடம் தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான். திருகோணமலையில் சித்திரை வெயிலில் பூட்டிய அறை 30 இல் நிற்குமா? ஆகவே கணினிக்குள் எஸ்எஸ்டி, அலமாரிக்குச் சுழலும் டிஸ்க் என்று முடிவெடுத்தேன். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டிப் பார்ப்பது.

நகர்த்தும்போது ‘கட்’ கூடாது. கொப்பி, சரிபார்ப்பு, பிறகுதான் அழிப்பு. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் வெட்டிய காலத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செவன்சிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ஷா-256 கைரேகையை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு நீண்ட எண்ணை, எடுக்கலாம். இரண்டு பக்கத்துக் கைரேகையும் ஒன்றாக இருந்தால் கொப்பி சரி. பெயர் மாறிக் கிடக்கும் இரட்டைக் கோப்புகளைப் பிடிக்கவும் அதே வழிதான்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்று ஒரு விதி உண்டு, பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொன்னது. இங்கே பலர் அந்த வெளியூர்ப் பிரதியை உப்புவெளியில் இருக்கும் மச்சான் வீட்டில் வைக்கிறார்கள். டவுனுக்கு இரண்டு பக்கமும் கடல், உப்புவெளியும் கடற்கரை. அலை வந்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வரும். எங்கள் மூன்றாவது டிஸ்க் வவுனியாவில் அக்கா வீட்டில் இருக்கிறது. கல்வெட்டுகள் மட்டும் கூகுளின் இலவச 15 ஜிபியிலும் ஏறியிருக்கின்றன, இரவு டேட்டாவின் புண்ணியத்தில். இரண்டு வருடம் திறக்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதால் அதையும் இடையிடையே திறந்துகொள்கிறோம். குடும்பங்கள் சம்மதித்தால், 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்கும் கொடுக்கலாம். நினைவு மலர்கள் அங்கே ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் வம்சாவளிப் பக்கத்தை வெளியே விட விரும்பவில்லை, அவர்களுடையதை விட்டுவிட்டோம்.

மிச்சம் இருப்பது கசெட்டுகள். டிஸ்க்கில் இறக்காமலே ஒரு பெட்டி நிறைய மினி டிவி கசெட் கிடக்கிறது. கடையின் கமரா ஹெட் தேய்ந்துவிட்டது. கசெட்டை ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வழியாகத்தான் ஒழுங்காக இறக்கலாம், இப்போது வாங்குகிற கணினிகளில் அந்தத் துளையே இல்லை. திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ யாரிடமாவது ஓடுகிற மினி டிவி கமராவும் ஃபயர்வயர் உள்ள பழைய மெஷினும் இருந்தால் சொல்லுங்கள். வாடகை தருகிறோம், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.